லாரி ஏர் சஸ்பென்ஷன்: பேக்கை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ‘ஏர் பேக் போச்சு’ என்று உடனே சொல்லிவிடுகிறோம். சேசிஸைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பைதான் இந்த ஏர் பேக். பல நேரம் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டுப் புது பேக் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கிழியும்.

வேலை தொடங்கும் முன் ஒன்று. காற்றில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஓஸ் கழன்றால் சேசிஸ் நொடியில் இறங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்த பிறகே குனியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்.

முதல் வேலை, ஏர் டேங்கின் டிரெயின் வால்வைத் திறப்பது. தண்ணீர் நிறைய வந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸரையும் பாருங்கள். இந்த ஈரம்தான் வால்வுகளுக்குள் போய்த் துருவாகிறது.

அடுத்தது கசிவு. காற்றை முழுதாக ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபிட்டிங்குகளிலும், உயரத்துக்கேற்ப பேக்கில் காற்றை ஏற்றி இறக்கும் லெவலிங் வால்விலும் பேக்கிலும் சோப்பு நீர் தடவுங்கள். கடுகளவு குமிழி விடாமல் வந்தாலும் அது கசிவுதான். பேக்கின் அடிமடிப்பை, அது பிஸ்டன் என்ற அடித்தாங்கியின் மேல் சுருளும் இடத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். கல்லும் மண்ணும் அங்கேதான் தங்கி அரைக்கும். ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தால் அந்த பேக்கை மாற்றியே ஆக வேண்டும். கழுவச் சோப்பு நீர் போதும். டீசலோ பெட்ரோலோ ரப்பரைக் கெடுக்கும்.

மூன்றாவது உயரம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆக்சிலின் மையத்திலிருந்து சேசிஸின் அடிப்பக்கம் வரை அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதும் அதிலேயே இருக்கும். வித்தியாசம் இருந்தால் முதலில் லெவலிங் வால்வின் கம்பி வளைந்திருக்கிறதா பாருங்கள், பிறகு சரிசெய்யுங்கள். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று உயரத்தைக் கூட்டுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். இன்ஜின் சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், அதிர்வு வரும், அதன் கிராஸ் ஜாயின்ட் தேயும். ஷாக் அப்சார்பரும் பேக்கும் எப்போதும் இழுபட்டே நிற்கும்.

சஸ்பென்ஷனை மேம்படுத்த விரும்பினால் ஷாக் அப்சார்பரில் தொடங்குங்கள். குழியில் சக்கரம் இறங்கும்போது பேக் அளவுக்கு மீறி நீளாமல் பிடிப்பது அதுதான். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் கையுறை இல்லாத கையை அதன் அருகே கொண்டுபோங்கள். சுடும், சட்டென்று பிடிக்காதீர்கள். பக்கத்துச் சேசிஸைவிட வெதுவெதுப்பாக இருந்தால் வேலை செய்கிறது. அதே குளிர்ச்சியில் இருந்தால் அது செத்துவிட்டது. மாற்றும்போது அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் புஷ்களில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஆக்சிலைச் சஸ்பென்ஷனோடு பிணைக்கும் யூ போல்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், கையேட்டில் சொன்ன தூரம் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். அன்றைக்கே உயரத்தையும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.