மழைக்கு முன் தாராவி கிளினிக்குகள் செய்ய வேண்டியது

தாராவியில் கிளினிக் வைத்திருந்தாலும் சரி, அங்கே நர்ஸாக இருந்தாலும் சரி, ஜூன் பிறக்கும் முன் தாதரில் உள்ள மாநகராட்சியின் ஜி-நார்த் வார்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள். சுகாதாரப் பிரிவில் உங்கள் எண்ணைக் கொடுத்து, சுற்றறிக்கையும் பயிற்சித் தேதியும் எப்படித் தெரியவரும் என்று கேளுங்கள். மராத்தியில் வருகிறதே என்று மூடி வைக்காதீர்கள், யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அதில் முதலில் தேட வேண்டியது எலிக்காய்ச்சல். வெள்ளத் தண்ணீரில் நடந்தவருக்கு நோய் வராமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தர வேண்டும்; யாருக்கு ஒரு வேளை, யாருக்கு மூன்று நாள், யாருக்கு வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் என்பது காலில் காயம் இருந்ததா, எத்தனை முறை தண்ணீரில் இறங்கினார் என்பதைப் பொறுத்தது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் அது வேண்டாம், அஸித்ரோமைசின்தான்.

பயிற்சிக்குப் பெரிய ஹால் எதற்கு? டீ நேரத்தில் கம்பவுண்டரை நோயாளியாக உட்கார வையுங்கள்; வெள்ளத் தண்ணீரில் நடந்தீர்களா, காலில் காயம் உண்டா என்று நர்ஸ் அவரிடம் கேட்கட்டும். நானே ஒருமுறை, "காய்ச்சல்ங்க, மேலெல்லாம் வலி" என்றவருக்கு பாரசிட்டமால் எழுதிவிட்டேன். அவர் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் குதிகால் வெடிப்பில் காய்ந்த சேறு கண்ணில் பட்டது.

அப்புறம், காசநோய். 2012 முதல் தனியார் மருத்துவர்களும் காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பாஸ்வேர்டை மட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைக்காதீர்கள்.