குதிரை நடந்தால் உங்களுக்கு எத்தனை கலோரி?

முதல் நாள் குதிரைப் பயிற்சி முடிந்து இறங்கியதும் என் கைக்கடிகாரம், நான் 5,000 காலடிக்கு மேல் நடந்துவிட்டதாகச் சொல்லி வாழ்த்தியது. நடந்தது நான் இல்லை, குதிரை. அது குலுக்கிய ஒவ்வொரு குலுக்கலையும் கடிகாரம் என் பேரில் எழுதிவிட்டது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. அடுத்தவர் உழைப்பு என் பேரில் வரவு வைக்கப்பட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்று இரவே உட்கார்ந்து சரியான கணக்கைப் போட்டேன். அதையும், முதல் சில வகுப்புகளில் நான் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவுகோல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதை 1 மெட் என்பார்கள். ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 கலோரி. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவருக்கு 3.8 மெட். டிராட் என்னும் துள்ளோட்டத்தில் 5.8. கேன்டர் என்னும் மிதவேக ஓட்டத்திலும் நாலுகால் பாய்ச்சலிலும் 7.3. குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து சேணம் பூட்டும் வேலைக்கு 4.5. கடைசி எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 1: இடமும் நேரமும்

கோலாலம்பூரில் புக்கிட் கியாராவிலும், கொஞ்சம் தள்ளி புத்ராஜெயாவிலும் குதிரையேற்ற மையங்கள் இருக்கின்றன. பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஓர் ஆள் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவார், அது படம் எடுத்துக்கொள்ள. பயிற்சி என்றால் கோச் வேண்டும், வேலி போட்ட மைதானம் வேண்டும். எடுத்த எடுப்பில் பத்து வகுப்புக்குச் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு சோதனை வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள்.

காலை வகுப்பாகப் பாருங்கள். நம் ஊரில் மத்தியான வெயில் ஒரு பக்கம், நாலு மணி இடி இன்னொரு பக்கம். இடிக்கு மிரளும் குதிரைமேல் உட்கார்ந்து பழகுவது முதல் மாதத்துப் பாடம் இல்லை.

எடையைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். குதிரையின் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல், சேணத்தோடு சேர்த்து, ஏற்றாமல் இருப்பது பொதுவான வழக்கம். முதுகுத்தண்டு பிரச்சினை, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

(குதிரைப் பயிற்சி என்றதும் என் சித்தி கேட்டது: "ரேஸுக்கா போற?" பழைய கே.எல். ஆட்களுக்குக் குதிரை என்றாலே பந்தயம்தான். இரட்டைக் கோபுரம் நிற்கும் இடமே ஒருகாலத்தில் பந்தயத் திடலாக இருந்தது.)

படி 2: உடுப்பு

முழுநீளக் காற்சட்டை. உள்தொடையில் தடித்த தையல் இருக்கும் ஜீன்ஸ் தோலை உரித்துவிடும். இழுபடும் துணியாக இருந்தால் நல்லது. காலணிக்குச் சின்னதாகக் குதி இருக்கட்டும். குதி இல்லாவிட்டால் கால், சேணத்தில் தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு போகும். தோடு, வளையல், தொங்கும் துப்பட்டா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டு போகாதீர்கள், நான் கொண்டு போய்ச் சிரிப்புக்கு ஆளானேன். குதிரையேற்றத்துக்குத் தனி ஹெல்மெட் உண்டு. மையத்திலேயே இரவல் கொடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

படி 3: தேய்ப்பது, பூட்டுவது

பெரும்பாலான புதியவர்கள் தவறவிடும் படி இதுதான். குதிரையைத் தயார்செய்து வைக்க ஆள் இருப்பார். அவரை இங்கே சைஸ் என்பார்கள். நாம் காப்பி குடித்துக்கொண்டே காத்திருந்து, ஏறி, இறங்கி, படம் எடுத்துப் போய்விடலாம். அப்படிச் செய்யாதீர்கள். "அண்ணே, நானும் செய்றேன், காட்டிக்கொடுங்க" என்று கேளுங்கள்.

குதிரையின் பின்பக்கமாகப் போகாமல், பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாக நெருங்குங்கள். ரப்பர் பிரஷ்ஷை வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அழுக்கும் உதிர்ந்த முடியும் மேலே வரும். அப்புறம் விறைப்பான பிரஷ்ஷால் முடி படிந்த திசையில் இழுத்து உதறுங்கள். பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும், சட்டை நனையும். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்புக்குள் அடைத்திருக்கும் மண்ணையும் கல்லையும் கொக்கியால் சுரண்ட வேண்டும். குனிந்த நிலையில், குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு, நான்கு முறை. எந்த ஜிம்மிலும் இந்தப் பயிற்சி கிடையாது.

சேணம் வைத்து வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் தடவை பட்டையை நன்றாக இறுக்கியதாகத்தான் நினைத்தேன். ஏறும்போது சேணம் பக்கவாட்டில் சரிந்தது, பக்கத்தில் நின்ற சைஸ் அண்ணன்தான் என்னைப் பிடித்தார். "அவன் வயித்த உப்பிக்கிட்டு நின்னான்மா. ரெண்டு ரவுண்டு நடத்திட்டு மறுபடி இறுக்கு" என்றார். அன்றிலிருந்து இரண்டு தடவை இறுக்குகிறேன்.

படி 4: ஏறுவது, உட்காருவது

இடது பக்கம் நின்று, மேடைப் படிமேல் ஏறி, இடது காலை அங்கவடியில் வைத்து, வலது காலைக் குதிரையின் முதுகில் இடிக்காமல் சுழற்றிப் போடுங்கள். சேணத்தில் பொத்தென்று விழாமல் மெதுவாக அமருங்கள். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்க வேண்டும், குதிகால் கீழே இறங்கியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில். விழாமல் இருக்கக் கடிவாளத்தை இழுக்காதீர்கள். அது குதிரையின் வாயை வலிக்கச் செய்யும். பயமாக இருந்தால் பிடரி முடியைப் பிடியுங்கள்.

படி 5: நடை, டிராட்

குதிரையின் ஓட்டத்தைத் தாளமாகக் கேட்டால் சீக்கிரம் பிடிபடும். நடையில் நான்கு குளம்புகளும் தனித்தனியாக விழும்: தகதிமி, தகதிமி. டிராட்டில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழுவதால் இரண்டே தட்டு: தக, தக. கேன்டரில் மூன்று: தகிட, தகிட. கேன்டர் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

டிராட்டில் சும்மா உட்கார்ந்தால் மூட்டை மாதிரி குலுங்குவீர்கள். 'த'வுக்கு எழுந்து 'க'வுக்கு உட்காருங்கள். அங்கவடியை உதைத்து எழக்கூடாது. குதிரை தூக்கிவிடும் வேகத்தில் இடுப்பை முன்னே கொண்டு போனால் போதும். உள்தொடையும் அடிவயிறும் உழைப்பது இங்கேதான். மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்கும். மறுநாள் படியில் இறங்கும்போது உங்களுக்கு அங்கே ஒரு தசை இருப்பதே தெரியவரும். பத்து மலையின் 272 படிகளை அந்த நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடம் நடை மட்டும். உங்களுக்காக இல்லை, குதிரையின் மூச்சு அடங்க.

படி 6: கணக்கு

என் எடை 60 கிலோ. 45 நிமிட வகுப்பில் நடை 30 நிமிடம், விட்டு விட்டு டிராட் 15 நிமிடம் என்று வையுங்கள். நடைக்கு 3.8 × 60 × அரை மணி, அதாவது 114 கலோரி. டிராட்டுக்கு 5.8 × 60 × கால் மணி, அதாவது 87. சேர்த்து 201. ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் தேய்ப்பது, பூட்டுவது, கழற்றுவது எல்லாம் அரை மணி: 135. ஆக மொத்தம் 336.

குதிரைமேல் அரை மணி போனதற்கு 114, கீழே நின்று அரை மணி தேய்த்ததற்கு 135!

இன்னொரு கழித்தலும் இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. அந்த 75 நிமிடம் வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் 75 கலோரி போயிருக்கும். அதைக் கழித்தால் மிச்சம் 261. மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய் 300 கலோரி சுமாருக்கு வரும். ஒரு கோசோங், அதாவது ஒன்றும் சேர்க்காத வெறும் ரொட்டிகூட முழுசாகக் கரையவில்லை, தே தாரிக்கை நான் பேசவே இல்லை. குதிரை வேலையை சைஸிடம் விட்டிருந்தால் மிச்சம் 156தான்.

தித்திவங்சா ஏரியைச் சுற்றி 45 நிமிடம் வேகநடை போட்டால் 4.3 மெட், 194 கலோரி, அதுவும் இலவசமாக. எடை குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஏரிக்கே போங்கள். எனக்கு முதுகு நிமிர்ந்தது, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போன இடுப்பு இளகியது. சனிக்கிழமை காலை அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன், ஏரிக்கு நான் அப்படி எழுந்ததே இல்லை.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 3 முதல் 6 மெட் வரை மிதம் என்பதால் நடை, டிராட், தேய்ப்பு மூன்றும் அதில் சேரும். வாரம் ஒரு வகுப்பு பாதியை நிரப்புகிறது, மீதிக்கு ஏரி. கைக்கடிகாரத்தில் குதிரையேற்றம் என்று தனித் தேர்வு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதில் பதியுங்கள். அன்றைய அடிக் கணக்கை நம்பாதீர்கள்.

கிளம்பும் முன் குதிரைக்குக் கேரட் கொடுக்கலாமா என்று சைஸிடம் கேளுங்கள். கொடுக்கலாம் என்றால் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து நீட்டுங்கள். விரலுக்கும் கேரட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.