செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கேரளத்திலுள்ள புனலூருக்கு ரயில் பாதையில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ரயில் சுமார் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மலை அப்படி. 1904இல் வந்த மீட்டர்கேஜ் பாதையை 2010இல் மூடி, அகலப்பாதையாக்கி, 2018இல் மறுபடி திறந்தார்கள். அதிலிருந்து ஆசையாகப் போய்விட்டு, "ஒண்ணுமே தெரியலையே" என்று திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கேட்டால், பெரும்பாலும் பாலருவி எக்ஸ்பிரஸில் போயிருப்பார்கள். ஆரியங்காவு பக்கத்து அருவியின் பெயரைத் தாங்கிய ரயில்தான். ஆனால் போகும்போதும் வரும்போதும் இரவில்தான் மலையைக் கடக்கிறது. சென்னையிலிருந்து கொல்லம் போகும் எக்ஸ்பிரஸும் விடிவதற்கு முன்பே செங்கோட்டைக்கு வந்துவிடும். பகலில் பார்க்க வேண்டுமென்றால் மதுரையிலிருந்து பிற்பகலில் மலையேறும் குருவாயூர் ரயில் நல்லது. எதிர்த்திசையில் வர, கொல்லத்திலிருந்து நண்பகல் வாக்கில் கிளம்பும் சென்னை எக்ஸ்பிரஸ். நேரம் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, செங்கோட்டையில் ஏறியதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. பகவதிபுரம் தாண்டியதும் ஒரு குகை வரும், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். ஏசி பெட்டியில் இருந்தால் அது வெறும் இருட்டு. சாதாரணப் பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்திருங்கள். உள்ளே போகும்போது முகத்தில் அடிப்பது நம் பக்கத்து வெயில் காற்று. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் வெளியே வரும்போது கையை வைத்திருந்த ஜன்னல் கம்பி ஈரமாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, நமக்குச் சாரலை மட்டும் அனுப்புகிறது என்று பாடத்தில் படித்ததை அந்தக் குகையில்தான் உடம்பால் உணர்ந்தேன்.

பலர் ரயிலை விட்டு இறங்குவதே இல்லை. நேராகக் கொல்லம் போய், ஹோட்டல் எடுத்து, மறுநாள் திரும்புகிறார்கள். ஆரியங்காவில் சாஸ்தா கோயில் இருக்கிறது. மார்கழியில் ஐயப்பனுக்கு அங்கே நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண்வீட்டாராகப் போகிறார்கள். தென்மலையில் அணை, காடு. புனலூரில் 1877இல் கட்டிய தொங்கு பாலம். இதில் ஒரே ஒரு ஊரில் இறங்கி அரை நாள் நடந்தாலும் போதும்.

ஆனால் இறங்குகிறவர்களும் ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். இது பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் பாதை இல்லை. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்காது. நானே ஒருமுறை சின்ன நிலையம் ஒன்றில் இறங்கி, அடுத்த வண்டி இரவில்தான் என்று தெரிந்து திகைத்து நின்றேன். அப்புறம் அங்கிருந்த ஒரு பெரியவர் சாலையைக் காட்டினார். செங்கோட்டை–புனலூர் சாலை பாதையை ஒட்டியே வருகிறது. தமிழ்நாடு, கேரளா இரண்டு அரசுப் பேருந்துகளும் அதில் ஓடுகின்றன. போவதற்கு ரயில், திரும்ப பஸ் என்று வைத்துக்கொண்டால் கவலையே இல்லை.

கடைசியாக, கழுதுருட்டிப் பக்கத்தில் பதிமூன்று வளைவுகளோடு நிற்கும் ரயில் பாலம், பதிமூன்று கண் பாலம். படத்தில் பார்த்துவிட்டு, ரயிலிலிருந்தே அது தெரியும் என்று நினைக்கிறார்கள். நாம் பாலத்தின் மேலே போகும்போது அதன் கண்கள் நமக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்கச் சாலையில்தான் நிற்க வேண்டும். தயவுசெய்து படம் எடுக்கத் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதோடு வளைவில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. கீழே நின்றாலே போதும். கருங்கல் தூண்களுக்கு மேலே ரயில் மெதுவாக ஊர்ந்து போகும். ஜன்னலில் இருக்கும் பிள்ளைகள் கை காட்டுவார்கள்.