ஜீன்ஸ் கால் மடிப்பில் நேரும் தவறுகள்

வீட்டில் தையல் மெஷின் இருப்பவர்கள் ஜீன்ஸின் நீளத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளலாம் என்று துணிவது சரிதான். ஆனால் புடவைக்கு ஓரம் அடித்த பழக்கத்தில் உடனே கத்திரியை எடுத்தால், அங்கேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது.

துவைக்காத ஜீன்ஸை வெட்டக் கூடாது. தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல்தான் ஜீன்ஸின் நீளவாக்கில் ஓடுகிறது. தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து சுருங்குவதால், 40 அங்குல நீளத்தில் 3 சதவீதம் குறைந்தாலே ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். நான் முதலில் தைத்த ஜீன்ஸ் இரண்டு சலவைக்குப் பின் கணுக்காலுக்கு மேல் ஏறி நின்றது. இப்போது மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது போட்டுக்கொள்ள மட்டும் அது உதவுகிறது.

வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ அணிந்து நிமிர்ந்து நின்று, வேறொருவரைக் குறிக்கச் சொல்ல வேண்டும். தானே குனிந்து குறித்தால் கால் பகுதி மேலேறி அளவு பொய்யாகும். குறித்த கோட்டிலேயே வெட்டிவிடுவோரும் உண்டு. அரை அங்குலமாக இரண்டு முறை மடிக்க, கோட்டுக்குக் கீழே ஓர் அங்குலம் விட வேண்டும்.

ரவிக்கைத் துணிக்குப் போட்ட மெல்லிய ஊசி இங்கே உதவாது. 16 அல்லது 18ஆம் எண் ஊசி வேண்டும். தடித்த நூலை மேலே மட்டும் கோத்து, பாபினில் சாதாரண நூலையே விட்டு, தையல் நீளத்தை 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை வைத்து, வெட்டிய துண்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் தோற்பது காலின் தடித்த பக்கத் தையலில்தான். துணிகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருக்கும் அந்த இடத்தில் ஏற்கெனவே நான்கு அடுக்கு இருக்கும். இரட்டை மடிப்பில் அது பன்னிரண்டாகிறது. அந்த மேட்டில் ஏறும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ள, கீழிருந்து துணியை நகர்த்தும் பற்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்த் தையல் ஒரே இடத்தில் குவிகிறது. உடனே பலரும் துணியைப் பின்னாலிருந்து இழுக்கிறார்கள். ஊசி வளைந்து தகட்டில் மோதி உடைவதற்கு அதுவே காரணம். மாறாக, மடிப்பை அயர்ன் செய்து சுத்தியலால் நன்றாகத் தட்டித் தட்டையாக்க வேண்டும். மேட்டை நெருங்கியதும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தை உயர்த்தி, வெட்டிய ஜீன்ஸ் துண்டை அதே உயரத்துக்கு மடித்துப் பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் செருகினால் பாதம் சமமாக நிற்கும். இறங்கும்போது அதே துண்டை முன்பக்கம் வைக்க வேண்டும். அந்த அரை அங்குலத்தை மோட்டாரால் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றியே கடப்பது நல்லது.

தையலை அந்த மேட்டின் மீதே தொடங்கவும் கூடாது. உள்கால் தையலைத் தாண்டி ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கிச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தின் மீதே சில தையல் ஓட்டி முடித்தால், முடிச்சு வெளிக்கண்ணுக்குப் படாது.