ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடைசியிலிருந்து படியுங்கள்

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் புற்றுநோய், நாலாம் கட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறோம். முதல் தடவை திரும்பி வரும்போது, பஸ் பரமக்குடி தாண்டுவதற்குள் ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வார்த்தையையும் போனில் தேடி அழுது தீர்த்துவிட்டேன்.

இப்போது கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்க்கிறேன். ‘இம்ப்ரெஷன்’ என்று போட்டிருக்கும், அதாவது ஸ்கேனைப் பார்த்த டாக்டரின் சுருக்கமான முடிவு. போன ஸ்கேனோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். ‘ஸ்டேபிள்’ என்றால் பெரிய மாற்றம் இல்லை. இந்தக் கட்டத்தில் அதுவே நல்ல சேதி. 32 மி.மீ. இருந்த கட்டி 34 ஆனதற்கெல்லாம் பதறாதீர்கள், அளப்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். பொதுவாக, அளந்த கட்டிகளின் கூட்டளவு 20 சதவீதமாவது கூடினாலோ, புதிதாக ஒன்று தோன்றினாலோதான் நோய் வளர்கிறது என்பார்கள். 30 சதவீதம் குறைந்தால் மருந்து நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். பெட் ஸ்கேனில் (PET, சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை மினுங்கக் காட்டும் ஸ்கேன்) மினுங்குவதெல்லாம் புற்றும் அல்ல. நெஞ்சில் கிருமித்தொற்று இருந்தாலும் மினுங்கும்.

அப்புறம், பழைய ஃபிலிம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஒருமுறை மறந்துபோய், ஒப்பிட ஆதாரமில்லாமல் ஒரு வாரம் தவித்தோம். இப்போது எல்லாம் அரிசிப் பானைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில், தேதிவாரியாக இருக்கின்றன.