மாடு வாங்குவதற்கு முன் புல் நடுங்கள்

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பயிரோடு ஆடு மாடும் சேர்த்து வளர்ப்பது நல்ல முடிவுதான். ஆனால் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கடன் கைக்கு வந்ததும் மாடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. தீவனத்தைப் பற்றிய யோசனை அப்புறம்தான்.

கறவை மாட்டுக்கு நாளைக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணையை (தண்டுத் துண்டை) நட்டால் முதல் அறுப்புக்கே இரண்டரை மாதம் ஆகும். அதுவரை கடைத் தீவனத்தை நம்பினால் பால் காசு முழுக்க மூட்டைக்கே போய்விடும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மாட்டுக்குப் பத்து சென்ட் வீதம் புல் நட்டு, முதல் அறுப்பைப் பார்த்த பிறகு சந்தைக்குப் போங்கள். மானாவாரி நிலம் மட்டும் உள்ளவர்களுக்குக் கலப்பின மாடு வேண்டாம் என்பேன். நாலைந்து வெள்ளாடும் வேலியோரத்தில் கிளுவையும் வேம்பும் போதும். மழைக்காலத்தில் வேலிமசால் என்ற தீவனச் செடியை விதைத்துக்கொள்ளலாம்.

பெரியாறு பாசனப் பகுதியில் நடப்பது வேறு. அறுவடை முடிந்த கையோடு வைக்கோலைக் களத்திலேயே விற்றுவிட்டு, கோடையில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். மாடு இருக்கும் வீட்டில் வைக்கோல் படப்பு (போர்) கட்டாயம் இருக்க வேண்டும்.

பச்சைச் சாணத்தை அப்படியே வயலில் கொட்டாதீர்கள். களை விதையும் வேர்ப்புழுவும் கூடவே வரும். நிழலில் குழி வெட்டி, ஈரம் காயாமல் மூன்று நான்கு மாதம் மக்க விடுங்கள். மூத்திரத்தில் தழைச்சத்து நிறைய உண்டு. தொழுவத் தரையைக் கொஞ்சம் சரிவாக்கி, அதைப் புல் பாத்திக்கோ தென்னைக்கோ திருப்பிவிடலாம். ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகளை அழைத்து, உரத்துக்காக வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடை எழுந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டாவிட்டால், கொடுத்த கூலிக்கு உரிய சத்தில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிவிடும்.

உயிரையே பறிக்கும் தவறு ஒன்று உண்டு. வாடிய இளஞ்சோளத்தையும், அறுத்த கட்டையில் மழைக்குப் பின் துளிர்த்த தழையையும் மேய விடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு சிறிது நேரத்திலேயே மாட்டைச் சாய்த்துவிடும். பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்புப் புல்லும் அப்படித்தான், சில நாள் தொடக்கூடாது.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆடுகளுக்குத் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) ஊசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். முதல் முறை வளர்ப்பவர்கள் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் விசாரித்துவிட்டு இறங்கலாம்.