தினமும் கொஞ்சம் சேறு எடுங்கள்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பார்க்க வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பாக்டீரியா தின்றுவிட்டதால் அழுக்கு மாயமாகிவிடாது. ஒரு பங்கு கரியமில வாயுவாகப் போகும், மறு பங்கு அதன் உடம்பாகவே வளரும். ஒரு கிலோ பிஓடி (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கின் அளவு, அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கணக்கில்) குறைந்தால், உலர்ந்த எடையில் ஏறக்குறைய அரைக் கிலோ புதுச் சேறு சேரும். அதை நாம் எடுக்காவிட்டால், ஒருநாள் வெளியேறும் தண்ணீரோடு அதுவே கிளம்பிவிடும்.

எவ்வளவு எடுப்பது என்று அளவு ஜாடி சொல்லும். காற்றடிக்கும் புளோயர் ஓடும்போதே, கழிவுநீரில் காற்று கலக்கும் ஏரேஷன் டேங்கில் ஒரு லிட்டர் மொண்டு, வெயில் படாத, ஆடாத இடத்தில் 30 நிமிடம் வையுங்கள். வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். முதல் 5 நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல சேறு பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, மேலே தெளிந்த நீரை விட்டுவிட்டு இறங்கும். மண் வாசனை அடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

முடிவில் சேறு 300 மில்லி பக்கம் நின்றால் நிம்மதி. 600, 700 என்று ஏறினால் உடனே சேறு எடுக்கும் வால்வைத் திறக்காதீர்கள். அதே கலவையோடு சம அளவு தெளிந்த நீர் சேர்த்து மறுபடி வையுங்கள். இப்போது சட்டென்று இறங்கினால் சேறு கூடிப்போயிருக்கிறது, எடுக்கலாம். அப்போதும் இறங்க மறுத்தால் நூல்போல நீளும் இழை பாக்டீரியா பெருகியிருக்கிறது. காற்றையும் சமையலறை எண்ணெயையும் கவனியுங்கள். வெள்ளை நுரை பொங்கினால் சேறு இளசு, எடுப்பதைக் குறையுங்கள். பிசுபிசுத்த பழுப்பு நுரையை அள்ளி வெளியே போடுங்கள், டேங்குக்குள் திருப்பி விடாதீர்கள்.

நம் கரையில் உப்பு ஒரு தனிப் பாடு. உப்பு போர்வெல் தண்ணீரிலிருந்து திடீரென லாரித் தண்ணீருக்கு மாறினால், பாக்டீரியா வெடித்து உள்ளே இருக்கும் புரதமும் சர்க்கரையும் நீரில் கலந்துவிடும். கலங்கல், நுரை எல்லாம் வரும். அந்த நேரத்தில் சேறு எடுத்தால் மேலும் கெடும். இரண்டு தண்ணீரையும் சில நாள் கலந்து விட்டு, மெல்ல மாற்றுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம் வரும் வாரத்தில் சேறு எடுப்பதைக் குறைத்து காற்றைக் கூட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வெளிவரும் நீரில் லேசான மஞ்சள் நிற்கும். பாக்டீரியா விட்ட கரைந்த மிச்சம் அது. குளோரினை அள்ளிக் கொட்டினால் போகாது. இரண்டும் சேர்ந்து ட்ரைஹேலோமீத்தேன் போன்ற வேண்டாத பொருள்கள்தான் உண்டாகும். கார்பன் ஃபில்டரில் விடுங்கள்.

எடுத்த சேற்றை ராத்திரியில் ஓடையில் விடுகிற பழக்கத்தை அடியோடு விடுங்கள். அது போய்ப் படிவது கடலடியில் வளரும் புல்லான கடல்தாழையின் மேல். மணல் பாத்தியில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினால் நம் வெயிலுக்குச் சீக்கிரமே வெடித்துக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் ஷீட் போட்டு மூடுங்கள். அப்புறம் தென்னைநார்த் தூளும் சீமைக்கருவேலச் சிராயும் கலந்து குவியுங்கள். குவியலின் நடுவே 55 டிகிரிச் சூடு சில நாள் தொடர்ந்து நிற்க வேண்டும். வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டிப் புரட்டி விடுங்கள். கீரைக்கு வேண்டாம். தென்னைக்கு, அடிமரத்தை ஒட்டாமல் வட்டப் பாத்தியில் போட்டு மண் மூடுங்கள். கையுறை கட்டாயம்.